பட்டறைப் பதில்கள்: மிதி மெத்தென்று அமுங்கினால்

போன இதழில் டயர் தேய்மானம் பற்றி எழுதி முடிக்கும்போது, "பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த மாதம் முழுக்கப் பிரேக்தான். ஏர்கோன், பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*என்னுடையது 2012 மைவி கார். முன் சக்கர பிரேக் பேட்களை நானே வீட்டில் மாற்றினேன். பிஸ்டன் உள்ளே போக அடம் பிடித்ததால் காலிப்பரில் இருக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து எண்ணெயை வெளியே விட்டுத் தள்ளினேன். இப்போது மிதி பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மூன்று முறை மிதித்தால்தான் கெட்டியாகிறது. நானே சரி செய்ய முடியுமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)*

முடியும் தம்பி. ஆனால் சரி செய்து முடிக்கும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். முனைக்கடை வரைக்கும்கூட வேண்டாம். மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது என்கிறீர்கள். ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால் மூன்றாவது மிதிக்கு நேரம் இருக்காது.

புதியவர்களுக்கு ஒரு வரி: பிஸ்டனால் பேடைச் சக்கரத் தட்டின் மேல் அழுத்தும் பிடிதான் காலிப்பர், அதிலிருந்து எண்ணெயையும் காற்றையும் வெளியே விட இருக்கும் சின்ன ஓட்டைத் திருகுதான் நிப்பிள். நிப்பிளைத் திறந்தது தப்பில்லை. கை தேர்ந்தவர்களும் அப்படிச் செய்வதுண்டு. நிப்பிளை மூடுவதற்கு முன்னால் பிஸ்டனைத் தள்ளிய கையைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பீர்கள். பிஸ்டன் ஒரு நூல் பின்வாங்கியிருக்கும், அந்த இடைவெளிக்குக் காற்று உள்ளே போயிருக்கும். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு துளி காற்று ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் வேலையில் கவனம் தானாக வரும். மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். இப்போது கால்வாசி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அதே மாதிரி தள்ளுங்கள். மெத்தென்று போகும். உங்கள் கால் இப்போது உணர்வது அதைத்தான். நீங்கள் மிதிக்கிற பலம் பேடுக்குப் போகாமல் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். புதுப் பேட் போட்டவுடன் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகள் எப்படியும் தரை வரை போகும். அது காற்று இல்லை. பத்து முறை மிதித்த பிறகு மிதி மேலே வந்து அங்கேயே நின்றால் கவலை இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மிதிக்கும்போது பழையபடி பஞ்சாக இருந்தால் காற்று உள்ளே இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது.

வேண்டிய சாமான்களைச் சொல்கிறேன். பிரேக் எண்ணெய் அரை லிட்டர் டின், மூடி திறக்காதது. எந்த வகை என்பது எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4 (DOT 3, DOT 4) என்று. நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர். வாய் திறந்த ஸ்பேனரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், நிப்பிளின் மூலைகளை வழித்துவிடும். மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம். ஒரு பழைய மினரல் வாட்டர் போத்தல். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டைகள். ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். வண்டியோடு வந்த ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கையையோ தலையையோ விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. அப்புறம் ஒரு வாளித் தண்ணீர். பிரேக் எண்ணெய் பெயிண்டில் பட்டால் அப்பளம் மாதிரி உரித்துவிடும், துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மிதியில் உட்காரும் ஆள். வீட்டில் யார் பொறுமைசாலியோ அவரைக் கூப்பிடுங்கள். ஜெலுத்தோங்கில் நான் பட்டறை வைத்து 31 ஆண்டாகிறது. முதல் ஐந்தாறு வருடம் வேலையாள் வைக்க வசதியில்லை, என் மனைவிதான் மிதியில் உட்காருவார். "இப்ப காலுக்குக் கீழ ஏதோ கடக்குன்னு விட்டுச்சு" என்பார். அந்த நொடியில் இங்கே குழாயில் ஒரு பெரிய குமிழ் ஓடும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும். நான் தொழில் கற்ற தவுக்கேயும் (பட்டறை முதலாளி) அப்படித்தான், ஆறு மாதம் என்னை மிதியில் மட்டுமே உட்கார வைத்தார். ஸ்பேனரைத் தொட விடவில்லை. கீழே படுத்துக்கொண்டு "தெக்கான்... தாஹான்... லெப்பாஸ்" என்று குரல் கொடுப்பார். மிதி, பிடி, விடு. இந்த மூன்று சொல்லுக்குள்தான் முழு வேலையும் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடக் கூடாது. பின்பக்கம் தூக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் தூக்கும்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, மேல் கோடு வரை புது எண்ணெய் ஊற்றுங்கள். மூடியை லேசாக மேலே வைத்துவிடுங்கள்.

வரிசை: மாஸ்டர் பம்புக்கு (எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில், மிதி தள்ளுகிற பம்ப்) தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டே வர வேண்டும் என்பது பழைய முறை. நம் ஊர் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம், பம்பும் வலப்பக்கம். அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளுக்குக் கம்பெனி வேறு வரிசை சொல்லியிருக்கும், அப்படி இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் வண்டியில் திறந்தது முன் சக்கரம் மட்டும் என்பதால் அங்கே மட்டும் காற்றை எடுத்தாலே மிதி சரியாகலாம். ஆனாலும் 2012 வண்டி, எண்ணெய் எப்போது மாற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. கையோடு நான்கையும் செய்துவிடுங்கள்.

நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். முதலில் ஸ்பேனரை மாட்டுங்கள், அதற்கு மேல் குழாயைச் செருகுங்கள். மாற்றிச் செய்தால் குழாயைக் கழற்றித்தான் ஸ்பேனர் மாட்ட வேண்டிவரும். குழாயின் மறுமுனை போத்தலில் ஊற்றிய கொஞ்சம் புது எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

இப்போது "மிதி" என்று சொல்லுங்கள். மேலே இருப்பவர் நிதானமாக மிதித்து, கெட்டியாகும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே நிப்பிளைக் கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு. எண்ணெய் சீறி வரும். மிதி தானாகக் கீழே போகும். கீழே போனாலும் காலை எடுக்கவே கூடாது. நீங்கள் நிப்பிளை மூடி "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் போதும், வெளியே போன காற்று அதே வழியில் திரும்பி உள்ளே வந்துவிடும். பாதிப் பேருக்கு வேலை கெடுவது இந்த அரை நொடியில்தான்.

பழைய வண்டியில் மிதியைத் தரை வரை விடாதீர்கள். பம்புக்குள்ளே பிஸ்டன் இத்தனை வருடம் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், அதில் உரசினால் ரப்பர் சீல் கிழியும். மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் அது அவ்வளவு தூரம் போகாது.

குழாயை உற்றுப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த காட்சி அது. முதல் இரண்டு மூன்று மிதியில் தே தாரிக் நுரை மாதிரி வரும். அப்புறம் நுரை உடைந்து தனித்தனிக் குமிழ்கள். பிறகு கடுகு அளவில் ஒன்றிரண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும். எண்ணெயின் நிறமும் கூடவே மாறும். காப்பி ஓ மாதிரிக் கறுப்பாகத் தொடங்கி, தேயிலைத் தண்ணீராகி, கடைசியில் வெளுத்த தேன் நிறத்துக்கு வரும். குமிழும் நின்று நிறமும் தெளிந்துவிட்டால் அந்தச் சக்கரம் முடிந்தது. பொதுவாக ஒரு சக்கரத்துக்குப் பத்து, பதினைந்து மிதி ஆகும். அவசரப்பட்டு, "குமிழ் போயிடுச்சு, போதும்" என்று நிறுத்தாதீர்கள். கடைசிக் குமிழுக்குப் பிறகும் மூன்று மிதி விடுங்கள்.

ஐந்து மிதிக்கு ஒரு முறை எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. அது வற்றினால் பம்பே காற்றைக் குடித்துவிடும், நான்கு சக்கர வேலையும் முதலிலிருந்து ஆரம்பம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். அந்தப் பெட்டிக்குள் காற்று போனால் பல வண்டிகளில் கணினி மாட்டி உள்ளே இருக்கும் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். கிண்ணம் வற்றாத வரைக்கும் ஏபிஎஸ் வண்டியையும் பெரும்பாலும் வீட்டிலேயே செய்துவிடலாம்.

நிப்பிளை மூடும்போது முழங்கை பலத்தைக் காட்டாதீர்கள். சுண்டுவிரல் கனம் கூட இல்லாத திருகு, நடுவில் ஓட்டை வேறு. மணிக்கட்டு பலம் போதும். திறக்கும்போது அசைய மறுத்தாலும் மல்லுக்கட்டாதீர்கள். ஸ்பிரே, லேசான தட்டு, மறுபடி ஸ்பிரே. அப்படியும் வராவிட்டால் அந்தச் சக்கரத்தைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். நிப்பிள் முறிந்தால் சில நேரம் காலிப்பரையே மாற்ற வேண்டிவரும்.

எல்லாம் முடிந்ததும் ரப்பர் தொப்பிகளைப் போட்டு, கிண்ணத்தை மேல் கோடு வரை நிரப்பி மூடுங்கள். பலமாக மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடிக்கச் சொல்லிவிட்டு, நான்கு நிப்பிளையும் டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது. பிறகு காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் கீழே இறங்கிக் கெட்டியாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வீட்டு முன்னாலேயே, நடக்கிற வேகத்தில், கையில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். திருப்தியானால் மட்டும் தெருவுக்கு.

*தனியாக இருப்பவன் நான். மிதிக்க ஆள் இல்லை. இணையத்தில் விற்கும் உறிஞ்சு பம்ப் வாங்கினேன், எவ்வளவு நேரம் உறிஞ்சினாலும் குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறது. (வாசகர், பாயான் லெப்பாஸ்)*

நீங்கள் பார்க்கும் குமிழ் வண்டிக்குள்ளிருந்து வருவதாக இல்லாமல் இருக்கலாம். நிப்பிளைத் திறந்திருக்கும்போது அதன் மரை வழியாக வெளிக்காற்றையும் அந்தப் பம்ப் உறிஞ்சும். காற்று எடுத்து முடிந்த பிறகும் குமிழ் வந்துகொண்டே இருக்கும். பம்பை ஒதுக்கிவிட்டு, குழாயை எண்ணெயில் மூழ்க வைத்து, நிப்பிளைத் திறந்துவிட்டு, குமிழ் நிற்கும்வரை எண்ணெயைத் தானாக இறங்க விடுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, அது வற்றாமல் மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் ஆள் வேண்டாம், காற்றும் உள்ளே போகாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டால் சந்தோஷமாக வந்து உட்காருவான் என்பது என் அனுபவம்.

*ஐயா, டுரியான் காலத்தில் குடும்பத்தோடு பாலிக் புலாவ் போய்விட்டு, ஜாலான் துன் சார்டோன் வழியாக மலை இறங்கினோம். வண்டியில் ஐந்து பேர், பின்னால் இரண்டு கூடைப் பழம். கீழே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரேக் மிதி அப்படியே தரை வரை போய்விட்டது. கணவர் மிதித்து மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஓரமாக நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி நன்றாக இருக்கிறது! பட்டறையில் காட்டினோம், "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் புஸ்பாகோம் வாகனச் சோதனையிலும் தேறியது. பயமாக இருக்கிறது. (வாசகி, ஆயர் ஈத்தாம்)*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்லபடியாக வீடு சேர்ந்தீர்களே, அது போதும். "ஒன்றும் இல்லை" என்று சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரேக் எண்ணெய் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் அது எஞ்சின் எண்ணெய் மாதிரியான சரக்கு இல்லை. கிளைக்கால் (glycol) வகைத் திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு மாதிரி இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தின் மூடி வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். நம் பினாங்கில் துணி காயப் போட்டாலே காற்றின் ஈரம் தெரியும், வருடம் முழுக்க இதே கதைதான்.

புது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் வைத்துச் சோதிக்கும்போது அந்த எல்லை 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்த பின் 155. அதாவது நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபது, எழுபது டிகிரியைத் தின்றுவிடுகிறது. மலை இறக்கத்தில் ஐந்து பேரும் இரண்டு கூடைப் பழமுமாக, மிதியில் வைத்த காலை எடுக்காமல் வந்தால் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொடுவது பெரிய காரியமே இல்லை. எண்ணெய் கொதித்தால் ஆவி. ஆவி என்றால் காற்று மாதிரிதான், அமுங்கும். மிதி தரைக்குப் போய்விடும்.

அரை மணி நேரத்தில் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மிதி பழையபடி கெட்டி. பட்டறைக்கு வண்டி வரும்போது தடயமே இருக்காது. இந்தக் கோளாறில் என்னைப் பயமுறுத்துவது அதுதான். புஸ்பாகோமில் சக்கரத்தை உருளை மேல் ஏற்றிப் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள், அன்று ஆறிய பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும். எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

இந்த வாரமே எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். மேலே கிண்ணத்தில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதுசு ஊற்றினால் போதாது, கொதித்த எண்ணெய் சக்கரத்தருகே இருக்கிறது. நான்கு நிப்பிள் வழியாகவும் பழையது வெளியே வர வேண்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். கூடவே ஏதாவது ஒரு காலிப்பர் இறுகிக்கொண்டு பேடை விடாமல் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் கிட்டப் போனாலே அனலடித்தால் அதுதான் காரணம்.

கணவரிடம் சொல்லுங்கள்: இறக்கத்தில் கியரை D-யிலேயே விடக் கூடாது. மலை ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் 2 அல்லது L. எஞ்சின் சத்தம் கூடும், கூடட்டும். துன் சார்டோனுக்கும் இதேதான், கெந்திங்குக்கும் கேமரனுக்கும் இதேதான். மிதி தரைக்குப் போன அந்த நேரத்தில் அவர் செய்தது மிகச் சரி. வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், கூடவே கியரையும் குறைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாகச் சுண்டி இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். உங்கள் பிள்ளைகள் சார்பில் அவருக்கு என் நன்றி.

*டாட் 5 என்பது டாட் 4-ஐ விட ஒசத்தி என்பதால் அதையே ஊற்றலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)*

வேண்டாம். டாட் 5 சிலிகோன் வகை, மற்றவற்றோடு சேராது. எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 3, 4 குடும்பத்தைச் சேர்ந்தது. கிண்ண மூடியில் டாட் 3 என்றிருந்தால் டாட் 4 ஊற்றுவது பெரும்பாலான வண்டிகளில் சரிதான், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

*பாதி டின் மிச்சம் இருக்கிறது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா? (அதே வாசகர்)*

மூடி திறந்த நாளிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து அதை ஊற்றினால் புது எண்ணெய் ஊற்றியதாக ஆகாது. சின்ன டின்னாக வாங்குங்கள்.

*அப்பாவின் பழைய சாகா கார். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது என்று தம்பி பவர் ஸ்டீயரிங் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிவிட்டான். "ஒரு மூடிதான் ஊற்றினேன்" என்கிறான். ஓட்டலாமா? (வாசகி, பிறை)*

ஓட்டக் கூடாது. எஞ்சினைக்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பிரேக்கை மிதிக்கவும் வேண்டாம். மிதிக்க மிதிக்க அது உள்ளே போகும். பிரேக்கில் இருக்கும் ரப்பர் எல்லாம் பிரேக் எண்ணெய்க்கென்று செய்தவை. தாது எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும், நனைந்த வடையைப் போல. பெருத்த சீல் பிஸ்டனை விடாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும், இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. எத்தனையோ வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் எஞ்சின் எண்ணெய் ஊற்றிய வேன் ஒன்று வந்தது. கிண்ண மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் இரண்டு பங்காகப் பெருத்து, மூடிக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே அதை என் உள்ளங்கையில் வைத்து, "இதே மாதிரி உள்ளே எத்தனை ரப்பர் இருக்கும், எண்ணு" என்றார். நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

தம்பி ஊற்றியவுடன் யாரும் மிதிக்கவில்லை என்றால் அதிர்ஷ்டம். கிண்ணத்தைச் சுத்தமாக உறிஞ்சி, கழற்றி, கழுவி, மூடி ரப்பரை மாற்றிவிட்டுப் புது எண்ணெயை நான்கு சக்கரம் வழியாகவும் விட்டால் தப்பிக்கலாம். ஓட்டிவிட்டார்கள் என்றால் பம்ப், காலிப்பர், பின் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றின் ரப்பரையும் மாற்ற வேண்டும். செலவுதான். ஆனால் இதில் பாதி வேலை என்று ஒன்று கிடையாது. தம்பியைத் திட்டாதீர்கள், கிண்ணம் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிது. எண்ணெய் ஏன் குறைந்தது என்பதையும் பாருங்கள். பேட் தேய்ந்தால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

*விபத்தில் உடைந்ததால் முன் காலிப்பர் இரண்டையும் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டினேன். மூன்று டின் எண்ணெய் தீர்ந்துவிட்டது, மிதி இன்னும் பஞ்சுதான். பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். (வாசகர், சுங்கை டுவா)*

பம்ப் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலிப்பரில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலேயா, கீழேயா?

காற்று எப்போதும் மேலே போய்த்தான் நிற்கும், அதனால் நிப்பிளைக் காலிப்பரின் உச்சியில் வைத்திருப்பார்கள். இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிட்டால் பல வண்டிகளில் அது அச்சாகப் பொருந்தும், பிரேக்கும் பிடிக்கும். நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும். கீழே திறந்தால் எண்ணெய்தான் வரும், மேலே இருக்கும் காற்று அசையவே அசையாது. முப்பது டின் ஊற்றினாலும் இதே கதைதான். இந்த ஒரு தப்புக்காகப் புதுப் பம்ப் வாங்கியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், மிதியை மிதமாக அழுத்தி அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். கால் அசையாமலேயே மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், பம்புக்குள் சீல் தேய்ந்திருக்கிறது. அப்போது அவர்கள் சொன்னது சரி. இறங்காமல் ஒரே இடத்தில் பஞ்சாக நின்றால் அது காற்று, பம்ப் இல்லை. கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கீழே போய்க் கெட்டியாகிறது என்றால் பின் சக்கர டிரம் பிரேக்கில் ஷூவை (அங்கே பேட் வேலையைச் செய்வது) சரிக்கட்ட வேண்டியிருக்கும். மூன்றும் மூன்று விதம். காலை வைத்து நிதானமாகப் பாருங்கள், தெரியும்.

*அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். எடுத்த பழைய எண்ணெயை எங்கே கொட்டுவது? கீழே சாக்கடை இருக்கிறது. (வாசகர், கெலுகோர்)*

சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் தீவில் சாக்கடையில் விட்டது கடலுக்குத்தான் போகும். மூடி இறுக்கமான போத்தலில் ஊற்றி, மேலே "பழைய பிரேக் எண்ணெய்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிறம் பானம் மாதிரி இருக்கும், விஷம். எஞ்சின் எண்ணெயோடு கலக்காமல் தனியாக ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்தால் அவர்கள் கழிவெண்ணெய் எடுக்க வருபவரிடம் சேர்த்துவிடுவார்கள். யாரும் வாங்கவில்லை என்றால் ஜெலுத்தோங் பக்கம் வரும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஞாயிறு மட்டும் கடை இல்லை.